பெரிய உடையார் குலம்

தசரத சக்கரவர்த்தியின் திருமேனிக்கு அருகிருந்து ஈமக் கடன் செய்யும் பேறு ஸ்ரீராமபிரானுக்கு வாய்க்கவில்லை. அயோத்தியில் அதனைச் செய்தவன் பரதாழ்வான். ஆனால் ஆரண்யத்தில் சிறகிழந்து கிடந்த ஒரு கிழக் கழுகுக்கு அக்கடனைப் பெருமாள் தம் திருக்கரங்களாலேயே செய்தருளினார். விறகு தேடி அடுக்கி, தீ மூட்டி, கோதாவரியில் நீராடி உதக தானமும் செய்தார் என்று வால்மீகி பகவான் விரிவாகவே பாடியுள்ளார். தகப்பனுக்கு மகன் செய்வதில் ஒன்றும் குறையவில்லை. நம் பூர்வாசாரியர்கள் அந்த ஜடாயுவைப் பெயர் சொல்லி அழைக்கவும் கூசி, 'பெரிய உடையார்' என்றே வழங்கினார்கள். எம்பெருமான் பொருட்டுத் தம் உடலைப் பொருட்படுத்தாதவர்களுக்கு உதாரணம் காட்டப் புகுந்த பிள்ளை உலகாசிரியர், ஸ்ரீவசனபூஷணத்தில் அவரையே முதலில் நினைக்கிறார். காஞ்சிக்கு அருகே திருப்புட்குழியிலும், கும்பகோணத்துக்கு அருகே திருப்புள்ளம்பூதங்குடியிலும், புள்ளின் பெயரையே ஊர்ப் பெயரில் தாங்கிய இரண்டு திவ்ய தேசங்களை இன்றும் சேவிக்கிறோம்.

அந்தக் குலம் இப்போது எந்நிலையில் இருக்கிறது என்பதைத் திருவிழாவுக்கு எழுந்தருளியிருக்கும் அன்பர்கள் அறிந்துகொள்வது பொருத்தமாகும்.

முதலில் ஒரு மயக்கத்தைத் தீர்த்துக்கொள்ள வேண்டும். கருட சேவையின்போது கோபுரத்துக்கு மேலே வட்டமிடுவதைக் கண்டு நாம் கன்னத்தில் போட்டுக்கொள்ளும் பறவை, வெண்கழுத்தும் செம்பழுப்பு உடலும் உடைய கருடன். அது பருந்து இனத்தைச் சேர்ந்தது. பெரிய உடையார் குலமாகிய கழுகு வேறு. பழந்தமிழில் அதற்குப் 'பாறு' என்று பெயர். வடமொழியில் 'க்ருத்ரம்'. இறந்த உடலை மட்டுமே உண்பதால் பாமரர் அதனைப் பிணந்தின்னிக் கழுகு என்பர். இவ்வேற்றுமையை வால்மீகி நன்கு அறிந்தவர். கிஷ்கிந்தா காண்டத்தில் சம்பாதி, பறவைகள் செல்லும் ஆகாய வழிகளை வானரங்களுக்குப் படிப்படியாக எடுத்துரைக்கிறார். தானியம் தின்னும் சிறு பறவைகளுக்கு முதல் வழி, காக்கைகளுக்கு இரண்டாவது, நாரை போன்றவற்றுக்கு மூன்றாவது, வல்லூறுகளுக்கு நான்காவது, கழுகுகளுக்கு ஐந்தாவது, அன்னங்களுக்கு ஆறாவது, அனைத்துக்கும் மேலே வைநதேயனுடைய வழி. இதைக் கவியின் கற்பனை என்று தள்ளிவிட இயலாது. 1973ஆம் ஆண்டு ஆப்பிரிக்காவின் ஐவரி கோஸ்ட் நாட்டில் ஒரு கழுகு, 11,000 மீட்டருக்கும் மேற்பட்ட உயரத்தில் ஆகாய விமானம் ஒன்றுடன் மோதியது. பறவை பறந்த உயரமாக எழுத்தில் பதிவானவற்றுள் அதுவே மிக அதிகம்.

நூறு யோசனைக்கு அப்பாலும் தங்கள் குலத்தாரால் காண முடியும் என்றும், பிறவியும் உண்ணும் உணவும் அதற்குக் காரணம் என்றும் சம்பாதி கூறுகிறார். நூறு யோசனையைக் கவி மரபாகக் கொண்டாலும், உணவையும் கண்ணையும் சேர்த்துச் சொன்னது நுட்பமானது. நம் நாட்டுக் கழுகு மோப்பத்தால் இரை தேடுவதில்லை. கதிரவன் ஏறி நிலம் சூடானதும் மேலெழும் காற்றில் இறகு அசையாமல் ஏறி, கண்ணால் மட்டுமே தேடும். ஒன்று கீழே இறங்கினால் தொலைவில் மிதக்கும் மற்றொன்று அதனைக் கண்டு தொடரும். அதனைக் கண்டு வேறொன்று வரும். இவ்வாறு கூடிய கூட்டம் ஒரு மாட்டின் உடலை ஓரிரு நாழிகைக்குள் எலும்பாக்கிவிடும். அடைப்பான் முதலிய கொடிய நோய்க் கிருமிகளும் அதன் வயிற்று அமிலத்தில் அழிந்துபோகும். வண்ணான் துணியை வெளுப்பதுபோல் இப்பறவை ஊரை வெளுத்தது. அதற்கு ஒருவரும் கூலி கொடுத்ததில்லை.

இனப் பெருக்கத்திலோ அது மிக மெதுவானது. ஐந்து வயது அளவில்தான் கூடு கட்டும். ஆண்டுக்கு ஒரே முட்டை. தாயும் தந்தையும் முறை மாற்றி ஏறத்தாழ ஐம்பத்தைந்து நாள் அடைகாக்கும். குஞ்சு பறக்க மேலும் நான்கு மாதம் ஆகும். இந்தக் கணக்கை அன்பர்கள் மனத்தில் இருத்திக்கொண்டால் பின்னால் சொல்லப்போவது விளங்கும்.

1980களில் பாரத தேசத்தில் நாலு கோடிக் கழுகுகள் இருந்திருக்கக்கூடும் என்பது ஆய்வாளர்களின் மதிப்பீடு. காட்டில் மட்டும் அவை வாழ்ந்தன என்று எண்ண வேண்டாம். தலைநகராகிய டில்லியில் சாலையோர மரங்களிலேயே அவை கூடு கட்டின. நகரத்தின் குப்பை மேடுகளும் தோல் உரிக்கும் களங்களும் அவற்றின் அன்ன சத்திரங்களாக இருந்தன. ராஜஸ்தானத்தில் பரத்பூர்ச் சரணாலயத்தில் மட்டும் அக்காலத்தில் வெண்முதுகுக் கழுகுகள் முந்நூற்றைம்பதுக்கு மேற்பட்ட இணைகளாகக் கூடு கட்டியிருந்தன. 1990களின் நடுவில் பம்பாய் இயற்கை வரலாற்றுச் சங்கத்தைச் சேர்ந்த விபு பிரகாஷ் என்ற ஆய்வாளர் அங்கே மீண்டும் எண்ணிப் பார்த்தபோது தொகை பாதிக்கும் கீழே போயிருந்தது. அந்தப் பத்தாண்டு முடிவதற்குள் கூடுகள் ஏறத்தாழ வெறுமையாயின. கிளைகளில் கழுத்தைத் தொங்கவிட்டபடி நாட்கணக்கில் அமர்ந்திருந்த பறவைகள் ஒவ்வொன்றாகக் கீழே விழுந்தன. 1992க்கும் 2007க்கும் இடையே வெண்முதுகுக் கழுகுகள் ஆயிரத்துக்கு ஒன்று என்னும் அளவில்தான் எஞ்சின. கருங்கழுத்துக் கழுகு, மெல்லலகுக் கழுகு ஆகிய மற்ற இரண்டு இனங்களும் நூற்றுக்குத் தொண்ணூற்றாறுக்கு மேல் மறைந்தன. உலகில் எந்தப் பறவை இனமும் இத்துணை வேகத்தில் குறைந்ததாகத் தெரியவில்லை என்று வல்லுநர் கூறினர்.

தொடக்கத்தில் ஏதோ தொற்றுநோய் என்றே பலரும் எண்ணினார்கள். உண்மையை 2003இல் கண்டறிந்தவர் லிண்ட்ஸே ஓக்ஸ் என்ற அமெரிக்கக் கால்நடை மருத்துவ அறிஞர். பாகிஸ்தானத்துப் பஞ்சாபில் இறந்த கழுகுகளை அவரும் உடனிருந்தவர்களும் அறுத்துப் பார்த்தனர். பெரும்பாலானவற்றின் ஈரலிலும் இருதயத்திலும் சுண்ணாம்பு பூசினாற்போல் வெண்பொடி படிந்திருந்தது. சிறுநீரகம் செயலற்று, கழிய வேண்டிய யூரிக் அமிலம் உடலெங்கும் உறைந்துபோனதன் அடையாளம் அது. கிருமி ஒன்றும் அகப்படவில்லை. அப்படி இறந்த பறவைகளில் 'டைக்ளோஃபினாக்' என்ற மருந்து இருந்தது. வேறு காரணத்தால் இறந்தவற்றில் அது இல்லை. மாட்டுக்கு வலியும் வீக்கமும் காய்ச்சலும் தணியப் போடும் ஊசி அது. ஊசி போட்ட மாடு சில தினங்களுக்குள் இறந்து, அதன் இறைச்சியைக் கழுகு உண்டால், ஓரிரு நாளில் கழுகும் இறக்கும். இந்த முடிவு 2004 ஜனவரியில் வெளியாயிற்று. நூறு பிணத்தில் ஒன்றுக்கும் குறைவானவற்றில் இம்மருந்து இருந்தாலே, அவ்வளவு பெரிய வீழ்ச்சிக்கு அது போதும் என்று கணக்கிட்டும் காட்டினார்கள். ஆண்டுக்கு ஒரு முட்டை என்ற கணக்கு இங்கேதான் பொருந்துகிறது. இழப்பு சிறிது மிகுந்தாலும் அக்குலத்தால் ஈடுகட்ட இயலாது.

இதில் கொடியவன் என்று யாரைச் சுட்டுவது? சற்று நின்று சிந்திக்க வேண்டிய இடம் இது. வேட்டையாடியவன் எவனும் இல்லை. பால் வற்றிய பின்னும் பசுவை அடிமாட்டுக்கு விற்க மனம் வராத குடியானவன், அது காலை ஊன்ற முடியாமல் தவிப்பதைக் காணப் பொறுக்காமல் ஊசி போடச் சொன்னான். 1990களில் அம்மருந்து மலிவாகக் கிடைக்கத் தொடங்கியதால் ஏழையாலும் அது முடிந்தது. பசு இரண்டு நாள் வலி குறைந்து கிடந்து இறந்தது. வழக்கம்போல் ஊர்ப் புறத்தில் கொண்டுபோய்ப் போட்டான். பசுவினிடத்துக் காட்டிய தயையே புள்ளுக்கு நஞ்சாயிற்று. பெரிய உடையாரைக் கொன்ற வாளை இராவணன் தெரிந்தே ஓங்கினான். இங்கு ஓங்கியவருக்கு வாள் கையில் இருந்ததே தெரியாது.

கழுகு போன இடத்தை நாய் பிடித்துக்கொண்டது. பிணம் கிடந்து நாறியது. தெரு நாய்கள் பெருகின. வெறிநாய்க் கடி மிகுந்தது. 2000 முதல் 2005 வரையிலான ஆண்டுகளில், கழுகு மறைந்ததன் விளைவாக ஆண்டுதோறும் சுமார் ஒரு லட்சம் மானிட உயிர்கள் அதிகமாகப் பலியாகியிருக்கக்கூடும் என்று 2024இல் வெளியான ஒரு பொருளாதார ஆய்வு மதிப்பிட்டது. மும்பையில் மலபார்க் குன்றிலுள்ள டூங்கர்வாடியில் தம் முன்னோர் நெறிப்படி உடலைக் கழுகுகளுக்கு அளித்துவந்த பார்சி மக்கள், கழுகு வராமற்போகவே சூரிய வெப்பத்தைக் குவிக்கும் கண்ணாடிகளை நாட வேண்டியதாயிற்று. ஒரு மதத்தாரின் அந்திமக் கிரியையே முட்டுப்பட்டது. நம் பக்கத்தில் திருக்கழுக்குன்றத்து மலையில் உச்சிப் போதில் வந்து சர்க்கரைப் பொங்கல் உண்டு சென்ற வெண்ணிறக் கழுகுகளும், 1990களின் இறுதிக்குப்பின் வருவது நின்றுவிட்டது. அது வேறொரு வகைக் கழுகு. முன்பு அதைப் பார்க்கவென்றே அங்கே ஏறியவர்கள் இந்தத் திருவிழாக் கூட்டத்திலும் பலர் இருப்பார்கள்.

2006இல் இந்திய அரசு டைக்ளோஃபினாக்கைக் கால்நடைகளுக்குப் பயன்படுத்தத் தடை விதித்தது. நேபாளமும் பாகிஸ்தானமும் அதே ஆண்டில் தடுத்தன. சட்டம் வந்தவுடன் நஞ்சு நின்றதா என்றால், இல்லை. மனிதருக்கான அதே மருந்து பெரிய குப்பிகளில் கடைகளில் கிடைத்தது. 2007 முதல் 2010 வரை பல மாநிலங்களில் மாட்டுக்கு மருந்து வேண்டும் என்று கேட்டுப் பார்த்தபோது, நூற்றுக்கு முப்பத்தாறு கடைகளில் அதனையே எடுத்துக் கொடுத்தார்களாம். பின்னர் 2015இல் மனித மருந்தின் குப்பியை 3 மில்லி லிட்டருக்கு மேற்படாதபடி அரசு சுருக்கியது. அதே தன்மை கொண்ட கீட்டோபுரொஃபென், அசிக்ளோஃபினாக் என்ற இரண்டையும் 2023இலும், நிமெசுலைடை 2024ஆம் ஆண்டின் முடிவிலும் கால்நடைகளுக்குத் தடுத்தது. கழுகுக்குத் தீங்கற்ற மருந்து இல்லாமல் இல்லை. மெலாக்சிகாம் என்பது அத்தகையது. 2006லேயே அது நிரூபிக்கப்பட்டுவிட்டது. டால்ஃபெனமிக் அமிலம் மற்றொன்று. நல்ல மருந்து கையிலிருக்கப் பதினெட்டு ஆண்டு ஒவ்வொன்றாகத் தடுத்துக்கொண்டிருந்தது சிறிது மந்தமான காரியம் என்றே சொல்ல வேண்டும்.

இதற்கிடையில், இருப்பதையாவது காப்போம் என்று சிலர் முனைந்தார்கள். ஹரியாணா மாநிலத்தில் பிஞ்சோர் என்ற ஊரருகே, முன்பு நோயுற்ற கழுகுகளைப் பேணி ஆராய்வதற்காக 2001இல் தொடங்கப்பெற்ற நிலையம், 2004 முதல் கழுகுகளை வளர்த்துப் பெருக்கும் இடமாயிற்று. பம்பாய் இயற்கை வரலாற்றுச் சங்கமும் அம்மாநில வனத்துறையும் சேர்ந்து நடத்தும் அந்நிலையத்துக்கு ஜடாயுவின் பெயரையே சூட்டினார்கள். அஸ்ஸாமில் குவாஹாட்டிக்கு அருகே ராணியிலும், வங்காளத்தில் ராஜாபட்கவாவிலும், போபாலிலும் இதன் துணை நிலையங்கள் எழுந்தன.

அங்கே நடக்கும் காரியம் பொறுமைக்கு ஒரு பாடம். உயரமான பெரிய கூண்டுகளில் பறவைகள் கூட்டமாக வாழ்கின்றன. உணவுக்காக வாங்கும் ஆடுகளைக்கூடச் சில நாள் தனியே வைத்து, உடலில் மருந்து ஏதும் இருந்தால் கழியும்படி செய்த பிறகே உணவாக்குகிறார்கள். இணை இட்ட முதல் முட்டையை மெல்ல எடுத்துப் பொரிப்புப் பெட்டியில் வைத்தால், சில வாரத்தில் அவ்விணை மீண்டும் ஒரு முட்டை இடுவதுண்டு. ஆண்டுக்கு ஒரு குஞ்சு என்ற இயற்கைக் கணக்கை இவ்வாறு சில சமயம் இரண்டாக்குகிறார்கள். உலகில் அதற்குமுன் வளர்ப்பில் பெருகியிராத மெல்லலகுக் கழுகின் குஞ்சு 2009இல் பொரிந்தது. பிஞ்சோரில் இன்று முந்நூறுக்கு மேற்பட்ட கழுகுகள் உள்ளன.

ஆனால் கூண்டில் பெருக்குவதை விடத் திறந்து விடுவது கடினம். பிஞ்சோர் நடுக்காட்டில் இல்லை. சண்டீகரும் பஞ்ச்குலாவும் கால்காவும் அம்பாலாவும் சுற்றியிருக்கின்றன. கழுகு ஒரே நாளில் பல ஊர்களைக் கடந்துவிடும். எனவே நிலையத்தைச் சுற்றி 100 கிலோமீட்டர் ஆரத்துக்குள் எந்த மருந்துக் கடையிலும் நஞ்சு இல்லை, எந்த மாட்டுப் பிணத்திலும் நஞ்சு இல்லை என்ற நிலை ஏற்பட வேண்டும். அதற்குக் 'கழுகுகளின் பாதுகாப்பு மண்டலம்' என்று பெயர். வேலி போட்டுக் காக்கக்கூடிய மண்டலம் இல்லை அது. நகரத்து மருந்து வியாபாரியும், புறநகர்ப் பால் பண்ணைக்காரரும், கிராமத்து மாட்டு வைத்தியரும் மனம் வைத்தால் மட்டுமே நிற்கும். 2016இல் இமயக் கழுகுகளை வெளியே விட்டு ஒத்திகை பார்த்தார்கள். பிறகும் நான்கு ஆண்டு காத்திருந்து, 2020 அக்டோபரில்தான் எட்டு வெண்முதுகுக் கழுகுகளுக்குக் கதவைத் திறந்தார்கள். விரட்டவில்லை. வெளியே இரையை இட்டு, வெளியிலுள்ள கழுகுகள் வந்து உண்பதை உள்ளிருப்பவை பார்க்கும்படி செய்து, ஓசையின்றிக் கதவை மட்டும் திறந்துவிட்டு மறைவிலிருந்து நோக்கினார்கள். ஒவ்வொன்றின் முதுகிலும் வானத்துச் செயற்கைக் கோளுக்குச் செய்தி அனுப்பும் சிறு கருவி இருந்தது. பறவை எங்கே போகிறது, எங்கே அசைவற்றுக் கிடக்கிறது என்பதை அதனால் அறியலாம்.

ஒரே பிணத்தால் எத்தனை ஆண்டு உழைப்பு வீணாகும் என்பதற்கும் சான்று உண்டு. 2022 மார்ச்சில் அஸ்ஸாமில் குவாஹாட்டியிலிருந்து அதிக தூரமில்லாத சாய்கான் பகுதியில், தெரு நாய்களைக் கொல்லும் பொருட்டு யாரோ நஞ்சிட்டதாகக் கருதப்படும் ஓர் ஆட்டின் உடலை உண்டு, தொண்ணூற்றேழு கழுகுகள் ஒரே இடத்தில் மாண்டன. கழுகு குறைந்ததால் நாய் பெருகியது. நாய்க்கு வைத்த நஞ்சு மீண்டும் கழுகைக் கொன்றது.

தெற்கே நிலைமை சற்று ஆறுதலானது. பெங்களூருக்குச் சுமார் 50 கிலோமீட்டர் தொலைவில் ராமநகரத்து ராமதேவர் மலைப் பாறைகளில் கருங்கழுத்துக் கழுகுகள் சில எஞ்சியிருந்தன. 2012இல் அம்மலை கழுகுகளுக்கெனச் சரணாலயமாக அறிவிக்கப்பெற்றது. நீலகிரி மலையடிவாரத்தில் மாயாறு ஓடும் பள்ளத்தாக்கிலோ, கழுகுகள் ஒருபோதும் முற்றாக மறையவில்லை. சிறியூர்ப் பக்கத்து ஆற்றங்கரை நீர்மருது மரங்களில் அவை இன்றும் கூடு கட்டுகின்றன. காட்டு விலங்குகளின் உடலே பெரும்பாலும் இரையாவதால் நாட்டு மாட்டின் நஞ்சு அங்கே குறைவாக எட்டியது. தமிழகம், கர்நாடகம், கேரளம் மூன்றும் ஒரே சமயத்தில் எண்ணியபோது, 2023ஆம் ஆண்டுத் தொடக்கத்தில் 246 பறவைகளும், டிசம்பரில் 320 பறவைகளும் கண்ணில் பட்டன. நாலு கோடி இருந்த தேசத்தில் மூன்று மாநிலங்களுக்கும் சேர்த்து முந்நூறு.

கேரளத்தில் சடையமங்கலத்துக் குன்றின்மேல் 200 அடி நீளமுள்ள ஜடாயு உருவத்தை எழுப்பி 2018இல் திறந்துவைத்தார்கள். யாத்திரை போகிறவர்கள் கண்டு வியக்கிறார்கள், வியக்க வேண்டியதுதான். ஆனால் அதே அன்பர்களில் சிலர், உயிருள்ள கழுகு கூரையில் வந்து அமர்ந்தால் அபசகுனம் என்று கல்லெறிகிறார்கள். அதற்குச் சாந்தி செய்வது சிலவிடங்களில் வழக்கமாக இருக்கலாம். சாந்தி வீட்டுக்காரர் மன நிம்மதிக்காகச் செய்துகொள்வது. பறவையைத் துன்புறுத்தச் சொல்லும் விதி அதில் எங்கே இருக்கிறது? பெருமாள் மடியில் தலை வைத்த குலத்தை அமங்கலம் என்று சொல்ல நமக்கு அதிகாரம் ஏது?

கறவை வைத்திருக்கும் அன்பர்கள் இத்திருவிழாவுக்கு ஏராளமாக வந்திருக்கிறார்கள். அவர்கள் ஊர் திரும்பிய பின் கவனிக்கத்தக்கவை கடினமானவை அல்ல. மாட்டுக்கு வலி மருந்து தேவைப்படும்போது, மெலாக்சிகாம் எழுதித் தரும்படி கால்நடை மருத்துவரிடம் வாய்விட்டுக் கேட்கலாம். மனிதருக்கான ஊசி மருந்தைக் கடையில் வாங்கி மாட்டுக்குப் போடக் கூடாது. அது சட்டத்துக்கும் புறம்பானது. மருந்து ஏறிய மாடு ஒரு வாரத்துக்குள் இறந்துபோனால், வெளியே போடாமல் ஆழக் குழி தோண்டிப் புதைத்துவிடுவது நல்லது. மாட்டை அடித்த சிறுத்தையின்மேல் உள்ள கோபத்தில் அந்த உடலில் பூச்சி மருந்தைத் தெளிப்பவர்கள் மலையடிவாரத்து ஊர்களில் உண்டு. வனத்துறையில் நஷ்ட ஈடு கேட்கும் வழி இருக்கிறது என்பதை அவர்களுக்கு எடுத்துச் சொல்லலாம்.

2024ஆம் ஆண்டுத் தொடக்கத்தில் பிஞ்சோரிலிருந்து இருபது கழுகுகளை மகாராஷ்டிரத்துக் காடுகளுக்குக் கொண்டு சென்று, சில மாதம் பழக்கிய பின் ஆகஸ்டு மாதத்தில் திறந்துவிட்டார்கள். அவற்றுள் சில பிழைக்கவில்லை. தாடோபாக் காட்டிலிருந்து புறப்பட்ட வெண்முதுகுக் கழுகு ஒன்றோ, ஐந்து மாநிலங்களின் வானத்தில் அலைந்து, ஏறக்குறைய 4,000 கிலோமீட்டர் கடந்து தமிழ்நாட்டுக்கே வந்து சேர்ந்தது. தாய் காட்டிய வழியும் இல்லை. கூட வந்த துணையும் இல்லை. வழியில் அது இறங்கி உண்ட ஒவ்வொரு பிணமும் யாரோ ஒருவர் வீட்டு மாடாகவோ ஆடாகவோ இருந்திருக்கும்.